வடக்கே தள்ளிவிடுதல்

சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றுகொண்டே வந்ததற்கும், வடக்கே இராயபுரம் தொடங்கி எண்ணூர் வரை கரை அரிந்துகொண்டே போனதற்கும் காரணம் ஒன்றுதான். சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலைகள் தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கின்றன. அந்த ஓட்டம் மணலை வடக்கே எடுத்துப்போகும். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் ஓட்டம் திரும்பினாலும், போன மணலில் ஒரு பங்குதான் தெற்கே மீள்கிறது. நிகரக் கணக்கில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான கன மீட்டர் மணல் வடக்கு நோக்கி நகர்கிறது. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டிய துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் இந்த ஓட்டத்துக்குக் குறுக்கே எழுந்தன. 1881 நவம்பர்ப் புயலில் அவை சிதைந்தன, மறுபடியும் கட்டினார்கள். சுவரின் தென்புறத்தில் மணல் ஒதுங்கியது. 1880களில் ஆளுநர் கிராண்ட் டஃப் மெரினாவில் உலாச்சாலை அமைத்தார். துறைமுகத்தின் கிழக்கு வாயிலுக்கே மணல் இடைஞ்சலானபோது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காலத்தில் வாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டது. மணல் எங்கே தேங்குகிறது என்பது பொறியாளர்களுக்குத் தெரிந்தே இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தெற்கே தேங்கியது வடக்குக் கரைக்குப் போய்ச் சேரவேண்டிய மணல் என்பதை அறிவதற்கும் பெரிய கணிதம் தேவைப்பட்டிருக்காது. ஆனாலும் வாயிலை மாற்றிய செலவு துறைமுகத்தின் கணக்கில் ஏறியது. வடக்கே கரைந்த தெருக்களும் குப்பங்களும் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. பிற்பாடு கடலோரம் நெடுகக் கல் கொட்டினார்கள். தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். கல் விழுந்த இடம் நின்றது. அதற்கு அடுத்த வடக்குக் குப்பம் கடலை எதிர்கொண்டது.

இயற்கைக்கு மனிதர் ஆற்றவேண்டிய கடமை பற்றிய பேச்சு பெரும்பாலும் மனக்குறைகளில் போய் முட்டிக்கொள்கிறது. பேராசை, அறியாமை, மண்ணின்மீது அன்பில்லாமை என்று காரணங்களை அடுக்கி, மனம் திருந்தினால் மண் திருந்தும் என்று முடித்துக்கொள்கிறோம். துறைமுகம் வந்த பிறகான வடசென்னையின் 150 ஆண்டு வரலாற்றை எடுத்துக்கொண்டால் இந்த விளக்கம் போதவில்லை. இங்கே நேர்ந்த கேடுகளில் பல, வேறொரு கேட்டைத் தீர்க்க எடுத்த நடவடிக்கையின் விளைவுகள். தீர்வு என்று பெயர் பெற்றது தீங்கைக் குறைக்கவில்லை. குரல் எழுப்ப வலுவில்லாத அடுத்த ஊருக்கு அதைத் தள்ளிவிட்டது. ஜெர்மானியச் சிந்தனையாளர் ஹான்ஸ் யோனாஸ் 1979இல் வெளியிட்ட நூலில், தொழில்நுட்பத்தின் கை நீண்டுவிட்டதால் மனிதரின் பொறுப்பும் இன்னும் பிறக்காத தலைமுறைவரை நீளவேண்டும் என்று வாதிட்டார். அது சரியான வாதம். ஆனால் நீளவேண்டிய தொலைவு எப்போதும் காலத்தில் மட்டும் இருப்பதில்லை. இராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையிலுள்ள சில கிலோமீட்டர்களைக்கூட நம் பொறுப்புணர்வு கடக்கவில்லை என்றால், நூறாண்டுக்குப் பிந்தைய பேரப்பிள்ளைகளைப் பற்றிப் பேசுவதில் ஒரு வசதியான தப்பித்தல் இருக்கிறது. தீங்கு பிறந்த இடத்திலேயே அதைத் தீர்ப்பது, பிறர் தலையில் இறக்கிவைக்க மறுப்பது: இயற்கையின்பால் நமக்குள்ள முதற்கடமை இதுதான் என்பது இக்கட்டுரையின் வாதம்.

மணலுக்கு அடுத்தபடி நகர்ந்தது தூசி. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் திறந்தவெளியில் கையாளப்பட்ட காலத்தில் இராயபுரத்து வீடுகளில் கருந்தூள் படிந்தது. வழக்கு தொடுக்கப்பட்டது; 2011இல் சென்னை உயர் நீதிமன்றம் அவ்விரு சரக்குகளையும் அவ்வாண்டு அக்டோபர் முதல் அங்கே கையாளக்கூடாது என்று உத்தரவிட்டது. இராயபுரத்து மக்களுக்கு அது நியாயமான தீர்ப்பு, ஐயமில்லை. நிலக்கரி எங்கே போனது? 2001இல் திறக்கப்பட்டு, பின்னர் காமராசர் துறைமுகம் என்று பெயர் பெற்ற எண்ணூர்த் துறைமுகத்துக்கு. அது தொடக்கத்திலேயே வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்குவதை முதன்மை நோக்கமாகக் கொண்டு கட்டப்பட்டதுதான். அத்தோடு இராயபுரம் விடுபட்ட சுமையும் சேர்ந்துகொண்டது. நீதிமன்றத்தின்முன் நின்றது ஒரு துறைமுகத்தின் தூசி. அந்த வழக்கின் எல்லைக்குள் தீர்ப்பில் குறை காண முடியாது. எல்லையைத் தாண்டிப் பார்க்கும் கடமை எவருக்கும் ஒப்படைக்கப்படவில்லை என்பதுதான் குறை.

எண்ணூர் என்று நாம் சொல்வது ஒரு தொழிற்பேட்டையின் பெயராக மனதில் பதிந்துவிட்டது. நிலவியல்படி அது ஒரு முகத்துவாரம். சென்னையின் மூன்று ஆறுகளில் பெரிய வடிநிலம் கொண்ட கொசஸ்தலையாறு, பூண்டி நீர்த்தேக்கத்தைத் தாண்டி வந்து, பக்கிங்காம் கால்வாயோடு கலந்து, இங்கே கடலில் விழுகிறது. வடக்கே இந்தக் கழி பழவேற்காடு ஏரியோடு தொடர்புடையது. உப்பளங்களும் சேற்றுத்திட்டுகளும் அலையாத்திப் புதர்களும் ஓதத்தில் முங்கி வற்றத்தில் வெளிப்படும் நிலங்களுமாக விரிந்த இப்பரப்பில் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் போன்ற ஊர்களின் மீனவர்கள் இறாலும் மடவையும் நண்டும் பிடித்து வாழ்ந்தார்கள். இருளர்கள் சேற்றில் அமர்ந்து கையாலேயே இறால் தடவி எடுத்தார்கள். வெள்ளம் வந்தால் பரந்து தங்கவும், கடல் ஏறிவந்தால் தணிந்து வாங்கிக்கொள்ளவும் இந்த நிலத்துக்கு இடம் இருந்தது. வருவாய்த்துறைப் பதிவேட்டில் இதன் பெரும்பகுதி யாருக்கும் பட்டா இல்லாத நிலம். யாருக்கும் சொந்தமில்லாத நிலம் யார் கேட்டாலும் கொடுக்கக்கூடிய நிலமாகத் தெரிந்தது. 1970இல் இயங்கத் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வடசென்னை, வள்ளூர் நிலையங்கள் எழுந்துவிட்டன. 2024இல் திறக்கப்பட்ட 800 மெகாவாட் அலகையும் சேர்த்தால் இவ்விரண்டின் நிறுவுதிறன் 4,000 மெகாவாட்டுக்கு மேல். இரண்டு துறைமுகங்கள், நிலக்கரிக் கிடங்குகள், குழாய்ப் பாதைகள், சாலைகள், மேற்கே மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலைகளும். ஒவ்வொன்றுக்கும் தனி விண்ணப்பம், தனி அறிக்கை, தனி அனுமதி. நீர் மட்டும் ஒன்று.

சாம்பலின் கதையில் இதன் விளைவு தெளிவாகத் தெரியும். இந்திய நிலக்கரியில் 30 முதல் 45 விழுக்காடு வரை சாம்பல். எரித்தபின் மிஞ்சும் அந்தச் சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குழம்பாக்கிக் குழாய் வழியே சாம்பல் குளத்துக்கு அனுப்புகிறார்கள். வடசென்னை நிலையத்தின் குழாய்கள் கழியின் குறுக்கே போகின்றன. அவை பல ஆண்டுகள் பல இடங்களில் ஒழுகின. சாம்பல் சேற்றின்மீது படிந்து இறுகியது. படகு மிதக்க ஆழமில்லாமல் போனது. இறால் புதையும் மென்சேறு சிமெண்டுத் தரை போலானது. சாம்பல் குளத்தை ஒட்டிய செப்பாக்கம் காற்றடித்தால் தூசியிலும் மழை பெய்தால் கசிவிலும் வாழ்ந்தது. ஆர்சனிக், ஈயம், பாதரசம் போன்றவை நிலக்கரிச் சாம்பலில் நுண்ணளவில் உண்டு என்பது பாடநூல் செய்தி. சாம்பலைச் செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் பயன்படுத்தவேண்டும் என்ற ஒன்றிய அரசின் அறிவிக்கை 1999லேயே வந்தது. முழுவதையும் பயன்படுத்தவேண்டும் என்ற கட்டாயம் 2021 டிசம்பரில் மறுபடியும் விதிக்கப்பட்டது. இரண்டுக்கும் இடையே 22 ஆண்டுகள். உடைந்த குழாயை மாற்ற ஆகும் செலவு, ஒரு மின் நிலையத்தின் முதலீட்டோடு ஒப்பிட்டால் அற்பம். அதைக்கூடச் செய்யாமல் விட்டதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை. ஒழுகும் குழாயால் மின்வாரியத்துக்கு இழப்பில்லை; இழந்தவர்களின் கணக்கு வாரியத்தின் ஏட்டில் இல்லை. மீனவர் தொடுத்த வழக்கில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு 2022 ஜூலையில் தீர்ப்பளித்து, மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்ற கோட்பாட்டின்படி கழியை மீட்கும் பொறுப்பை உறுதிசெய்தது. அத்தீர்ப்பு வரும் வரை ஒழுகியது ஒழுகியபடி.

சாம்பலைவிட என்னை அதிகம் கலங்கவைப்பது வரைபடம். 1991ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கையைத் தொடர்ந்து 1996இல் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கு ஒரு மேலாண்மைத் திட்ட வரைபடம் ஒப்புதல் பெற்றது. அதில் எண்ணூர்க் கழியும் அதைச் சார்ந்த ஈரநிலங்களும் ஏறத்தாழ 6,500 ஏக்கர் அளவுக்கு, கட்டுமானம் கூடாத பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தன. பின்னர் மாநில அதிகாரிகள் கையாண்ட மற்றொரு வரைபடத்தில் அந்த நீர்ப்பரப்பின் பெரும்பகுதி நிலமாகக் காட்டப்பட்டிருந்ததைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் பெற்ற ஆவணங்களைக் கொண்டு 2017இல் செயற்பாட்டாளர்கள் வெளிப்படுத்தினார்கள். ஆறு இருந்த இடத்தில் இருந்தது. ஓதம் ஏறி இறங்கியது. தாளில் மட்டும் அது இல்லை. தாளில் இல்லாத நீரைத் தூர்ப்பது சட்டப்படி குற்றமாகாது என்பதால், இயற்கை அழிவின் வரிசையில் வரைபடத்தைத் திருத்துவது முதல் படியாகிறது. மண் கொட்டும் லாரி பிறகுதான் வருகிறது. எந்த அன்பும் பக்தியும் ஒரு சரியான வரைபடத்துக்கு ஈடாகாது. உள்ளதை உள்ளபடி பதிவு செய்துவைப்பது வறண்ட அலுவலக வேலை போலத் தோன்றும். வடசென்னையின் அனுபவத்தில், இயற்கைக்கு நாம் செய்யக்கூடிய மிகப் பெரிய காவல் அதுவே. அதே 2017இன் தொடக்கத்தில் பாடகர் டி. எம். கிருஷ்ணா இக்கழியின் சாம்பல் சேற்றில் நின்று பாடிய காணொளி லட்சக்கணக்கானோரைச் சென்றடைந்தது. அது எழுப்பிய கவனம் பெரிது. என்றாலும் கழியைச் சட்டத்தில் நிறுத்தத் தேவைப்பட்டது 1996இன் அந்தத் தாள்தான்.

விபத்துகளுக்கு வருவோம். 2017 ஜனவரி 28 அதிகாலை, காமராசர் துறைமுகத்துக்கு வெளியே ‘பிடபிள்யூ மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கசியவில்லை என்றே முதலில் சொல்லப்பட்டது. பிறகு சிறிதளவு என்றார்கள். கடைசியில் அரசுத் தரப்புக் கணக்கே 200 டன்னை நெருங்கியது. எர்ணாவூர்க் கரையில் மாணவர்களும் மீனவர்களும் ஒப்பந்தத் தொழிலாளர்களும் வாளியால் எண்ணெயை அள்ளினார்கள். ஏழாண்டுக்குள், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலியில் உள்ள சென்னை பெட்ரோலிய நிறுவனத்தின் எண்ணெய், வெள்ளத்தில் கலந்து பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிக்கு வந்தது. ஆலை வளாகத்தின் மழைநீர் மேலாண்மையில் குறைபாடு இருந்ததாக மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் கண்டது. அப்போதும் மீனவர்கள்தான் படகில் நின்று குவளையாலும் வாளியாலும் அள்ளினார்கள். கூழைக்கடாக்கள் கறுத்துப் போயிருந்தன. அதே மாதம் 26ஆம் தேதி நள்ளிரவையொட்டி, பெரியகுப்பத்தில் கோரமண்டல் உர ஆலைக்குக் கப்பலிலிருந்து அமோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு. மூச்சுத் திணறி மக்கள் தெருவில் ஓடினார்கள். பலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். வாரியத்தின் அளவீட்டில் காற்றில் கன மீட்டருக்கு 400 மைக்ரோகிராமுக்குள் இருக்கவேண்டிய அமோனியா 2,090. கடல்நீரில் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டியது 49. ஒரே மாதத்தில், சில கிலோமீட்டருக்குள், இரண்டு பேரிடர்கள். இவற்றை விபத்து என்று தனித்தனியே விசாரித்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு குழாய், ஒரு வால்வு, ஒரு பலவீனமான வடிகால் என்று காரணம் கிடைக்கும். சேர்த்துப் பார்த்தால், இவ்வளவு ஆபத்தான பொருள்களை இவ்வளவு நெருக்கமாக, வெள்ளம் பாயும் நிலத்தில், மக்கள் குடியிருப்புகளின் நடுவே வைக்க ஒவ்வொரு முறையும் அனுமதி கொடுத்ததுதான் காரணம் என்று தெரியும்.

இதற்கெல்லாம் சட்டம் இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, அதுவும் தமிழ்நாட்டு மண்ணிலிருந்தே கிளம்பிய சட்டம். பாலாற்றைத் தோல் பதனிடும் ஆலைகள் பாழாக்கியதைப் பற்றிய வேலூர் வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்துபவர் ஈடுசெய்யும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகள் என்று அறிவித்தது. 2010ஆம் ஆண்டின் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் இரண்டையும் எழுத்தில் ஏற்றது. நடைமுறையில் இரண்டாவது கோட்பாடு முதலாவதை விழுங்கிவிட்டது. முன்கூட்டியே தடுப்பதைவிடப் பின்னால் பணம் கட்டுவது எளிது. அமோனியாக் கசிவுக்கு மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் விதித்த சுற்றுச்சூழல் இழப்பீடு 5.92 கோடி ரூபாய். ஆண்டுக்கு ஆயிரம் கோடிக்கு மேல் இலாபம் காணும் நிறுவனத்துக்கு அது ஒரு செலவினம். எண்ணெய்க் கசிவில் தொழில் இழந்த மீனவக் குடும்பத்துக்கு அரசு அறிவித்த நிவாரணம் 12,500 ரூபாய். படகைச் சீராக்க 10,000. வலையில் ஊறிய எண்ணெயைக் கழுவ முடியாது, புது வலைதான் வாங்கவேண்டும். காற்றுக்கான விதிகளின் கதை இன்னும் மோசம். அனல்மின் நிலையங்களின் கந்தக டைஆக்சைடுக்கு 2015 டிசம்பரில் வரம்பு விதித்து இரண்டாண்டு அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் திரும்பத் திரும்ப நீட்டிக்கப்பட்டு, 2025 ஜூலையில் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு வடிகருவி பொருத்துவதிலிருந்தே விலக்கு அளிக்கப்பட்டது. ஜப்பானின் மினமாட்டாவில் நோய் 1956இல் அடையாளம் காணப்பட்ட பிறகும் சிஸ்ஸோ ஆலை பாதரசக் கழிவைக் கடலில் விடுவதை நிறுத்தியது 1968இல். சான்று போதவில்லை என்று சொல்லிக்கொண்டே கழிந்த அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளை உலகம் பாடமாகப் படிக்கிறது. எண்ணூரில் சான்று போதவில்லை என்றுகூட யாரும் சொல்லவில்லை. தேதியை மட்டும் தள்ளிவைத்தார்கள்.

இனி மறுப்புகள். முதலாவது, எளிதில் ஒதுக்கமுடியாதது: மின்சாரம் வேண்டாமா? துறைமுகம் வேண்டாமா? சென்னை எரியவிடும் ஒவ்வொரு விளக்கும் எங்கோ எரியும் நிலக்கரியைத் தேடுகிறது. வடசென்னையே இந்த ஆலைகளால் வாழ்ந்த ஊர்; 1940களின் இறுதியில் எண்ணூருக்கு வந்த வாகன ஆலையும் 1955இல் திருவொற்றியூருக்கு வந்த மோட்டார் சைக்கிள் ஆலையும் உழைப்பாளர் தலைமுறைகளை உருவாக்கின; தொழிற்சங்க வரலாற்றின் பெரும்பகுதி இங்கே எழுதப்பட்டது. உண்மை. ஆனால் இந்த மறுப்பு, தொழில் இருக்கவேண்டுமா கூடாதா என்ற கேள்விக்கு விடை சொல்கிறதே ஒழிய, குழாய் ஒழுகவேண்டுமா என்ற கேள்விக்கு விடை சொல்லவில்லை. நேர்த்தியாகப் பராமரித்த குழாயிலும் அதே மின்சாரம்தான் வரும். மணல் ஓட்டத்தை மறித்துக் கட்டிய துறைமுகங்களுக்கும் வழி உண்டு: தேங்கிய பக்கத்து மணலை எடுத்து அரிக்கும் பக்கம் சேர்ப்பது. ஆஸ்திரேலியாவின் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் 2001 முதல் நிரந்தர இயந்திர அமைப்பாகவே அது நடக்கிறது. அங்கே அதற்கான செலவை இரண்டு மாநில அரசுகள் பகிர்ந்துகொள்கின்றன. இங்கே அந்தச் செலவைக் கடலோரக் குப்பங்கள் வீடுகளாகச் செலுத்துகின்றன.

இரண்டாவது மறுப்பு நுட்பமானது: மாசு எல்லோராலும் வருகிறது, ஆகவே பொறுப்பும் எல்லோருக்கும் பொது. கொசஸ்தலையிலும் பக்கிங்காம் கால்வாயிலும் நகரத்து வீடுகளின் கழிவுநீர் ஓடுகிறது. ஞெகிழி நம் எல்லோர் கையிலிருந்தும் விழுந்தது. காசிமேட்டு விசைப்படகுகளின் இழுவலைகள் கடலடியைச் சுரண்டுகின்றன. மீனவர்களும் குற்றமற்றவர்கள் இல்லை. இவையெல்லாம் சரி. என்றாலும் எல்லோரும் பொறுப்பு என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒரு குழாயைக்கூட அடைக்கமுடியாது. நகரத்துக் கழிவுநீருக்கு மாநகராட்சியும் குடிநீர் வாரியமும் பதில் சொல்லவேண்டும், சாம்பலுக்கு மின்வாரியம், இழுவலைக்கு மீன்வளத்துறையும் படகுச் சங்கங்களும். பங்கு பிரித்துச் சொல்லும்போதுதான் பொறுப்பு நிற்கிறது. கப்பல்கள் சமநிலைக்காக ஏற்றிவந்து இறக்கும் நீரோடு வந்திருக்கக்கூடும் என்று கருதப்படும் தென்னமெரிக்கச் சிப்பியினம் ஒன்று, மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்று சொல்வது, இன்று எண்ணூர்க் கழியின் அடித்தளத்தைப் போர்த்தி, மட்டியையும் இறாலையும் விரட்டுகிறது. இதற்கு மனிதகுலம் பொறுப்பு என்று சொல்லி என்ன பயன்? கப்பல் நீரைச் சோதிக்கவேண்டிய துறைமுகம் எது, சோதித்ததா என்று கேட்பதற்கு ஒரு முகவரி இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு குரல் உண்டு, திட்ட அறிக்கைகளில் மறைமுகமாகவும் பேச்சில் வெளிப்படையாகவும் கேட்பது: எண்ணூர் செத்துவிட்டது, இனிக் காப்பாற்ற என்ன இருக்கிறது, முழுவதையும் தொழிலுக்கே கொடுத்துவிட்டு வேறு இடத்தைக் காப்போம். கெடுத்தவரே கெட்டுப்போனதைக் காரணம் காட்டி மேலும் கேட்பது இதில் உள்ள முதல் கோளாறு. இரண்டாவது, அது உண்மையும் அல்ல. மீன் குறைந்திருக்கிறது, ஆனால் இன்றும் இங்கே வலை வீசுகிறார்கள். இருளர்கள் இன்றும் சேற்றில் இறங்குகிறார்கள். மீனே இல்லாமல் போனாலும் முகத்துவாரத்துக்கு வேறொரு வேலை இருக்கிறது. 2015இலும் 2023இலும் வடக்குச் சென்னையும் மணலியும் நீரில் மூழ்கின. கொசஸ்தலையின் வெள்ளம் கடலுக்குப் போக இருப்பது இந்த ஒரு வாய்தான். அதைத் தூர்த்து நிலமாக்கினால் ஆலைகளே நீரில் நிற்கும், நின்றும் இருக்கின்றன. மணலியின் எண்ணெய் மீனவர் வலைக்கு வந்தது அந்த வெள்ளத்தில்தான்.

நீர் முழுவதற்கும் பொறுப்பேற்கும் அமைப்பு சாத்தியமா என்றால், இப்பகுதியிலேயே அதன் பழைய வடிவம் ஒன்று உண்டு. பழவேற்காட்டிலும் எண்ணூர்க் கழியிலும் மீனவ ஊர்கள் கடைப்பிடித்த ‘பாடு’ முறையில், இறால் கிடைக்கும் நல்ல இடங்கள் எந்த நாளில் எந்தக் குடும்பத்துக்கு என்று சீட்டுப் போட்டு முறைவைக்கப்பட்டன. யாரும் தனக்கென்று ஓரிடத்தை நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ஒரே இடத்தை எல்லோரும் சேர்ந்து வழித்தெடுக்கவும் முடியாது. இதைப் பொற்காலமாக்கிவிடக் கூடாது. பாடு சாதிக்குள் அடங்கிய ஏற்பாடு. பெண்களுக்கு அதில் உறுப்புரிமை இல்லை. இருளர்கள் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். ஆனாலும் அதன் உள்ளே ஓர் அறிவு இருந்தது: நீர்ப்பரப்பு ஒரே பொருள், அதில் ஒருவர் செய்வது அடுத்தவரைப் போய்த் தாக்கும், ஆகவே எடுப்பதற்கு முன்பே எல்லோரும் உட்கார்ந்து பேசியாகவேண்டும். நம் சுற்றுச்சூழல் அனுமதி முறையில் இல்லாதது இதுதான். ஒவ்வொரு திட்டமும் தன் பாதிப்பைத் தானே அளந்து, தனியாகப் பார்த்தால் தாங்கக்கூடியது என்று எழுதிக்கொள்கிறது. கழிக்குத் தாங்கும் திறன் எவ்வளவு, அதில் எவ்வளவு ஏற்கெனவே தீர்ந்துவிட்டது என்ற மொத்தக் கணக்கை வைத்திருப்பவர் எவரும் இல்லை.

இயற்கைக்கே சட்ட ஆளுமை கொடுத்துவிடலாம் என்ற யோசனை இங்கே வந்து சேர்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு, இயற்கை அன்னை உரிமையும் கடமையும் உடைய சட்ட ஆள் என்று அறிவித்தது. 2017இல் கங்கைக்கும் யமுனைக்கும் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் அதே தகுதியைக் கொடுத்தது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. நியூசிலாந்து 2017இல் வாங்கனூயி ஆற்றுக்குக் கொடுத்தது நிலைத்திருக்கிறது. அங்கே அறிவிப்போடு நிற்காமல் ஆற்றின் சார்பில் பேச இரண்டு பேரைச் சட்டமே அமர்த்தியது. ஒருவர் அரசின் சார்பில், ஒருவர் அந்த ஆற்றங்கரை மாவோரி மக்களின் சார்பில். எண்ணூருக்கு வேண்டியது அன்னை என்ற பட்டத்தைவிட, சார்பில் பேச ஆள் அமர்த்தும் இந்த ஏற்பாடுதான். கழி முழுவதற்கும் ஒரே பொறுப்பாளர் குழு. அதில் மீனவர் ஊர்களுக்கும் இருளர்களுக்கும் வாக்கு. 1996 வரைபடத்தை அடிப்படையாக வைத்து மொத்தத் தாங்குதிறனைக் கணக்கிடும் அதிகாரம். அதற்கு மேல் எந்தத் துறையும் தனியே அனுமதி கொடுக்கமுடியாது என்ற விதி.

இது அவசரமாவதற்குக் காரணம், தள்ளிவிட இன்னும் வடக்கே இடம் இருக்கிறது என்ற எண்ணம் தொடர்வதுதான். 2018இல் அதானி குழுமத்தின் கைக்கு வந்த காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிக்கும் திட்டம் முன்வைக்கப்பட்டது. அதில் ஒரு பகுதி கடலைத் தூர்த்து உருவாக்கும் நிலம். அதற்கென 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிவைக்கப்பட்டன. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கரை ஏற்கெனவே அரிக்கிறது. அதையும் தாண்டினால் பழவேற்காடு ஏரியையும் கடலையும் பிரிக்கும் ஒடுங்கிய மணல்திட்டு. அது அறுந்தால் இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி கடலின் ஒரு விரிகுடாவாகிவிடும்.

கடைசியாகச் செலவு. கழியின் சாம்பலை வாரி எடுக்கவும், குழாய்களை மாற்றவும், மணலை வடக்கே கடத்தவும், ஆலைகளின் வடிகால்களைப் பிரித்துக் கட்டவும் பணம் வேண்டும். அதைக் கட்டணத்தில் ஏற்றினால் ஏழைகள் தாங்குவார்களா என்று கேட்பார்கள். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதங்களுக்கு 100 யூனிட் மின்சாரம் 2016 முதல் விலையில்லாமல் கிடைக்கிறது. அதைத் தொடாமலேயே மேல் அடுக்குகளிலும் தொழில், வணிக இணைப்புகளிலும் இச்செலவைப் பிரிக்க முடியும். துறைமுகங்கள் இறக்கும் ஒவ்வொரு டன் சரக்கின்மீதும் மணலுக்கென ஒரு சிறு தொகை விதிக்கலாம். நிலக்கரி விலையும் கப்பல் வாடகையும் கடனுக்கான வட்டியும் யூனிட் விலையில் ஏறித்தான் இருக்கின்றன. சாம்பல் மட்டும் ஏறவில்லை, அதை இதுவரை காட்டுக்குப்பமும் செப்பாக்கமும் கட்டிவந்திருக்கின்றன. தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் அடுத்த கட்டண விசாரணை நடத்தும்போது, எண்ணூர்க் கழியின் சீரமைப்பை ஒரு தனிச் செலவுத் தலைப்பாக மின்வாரியம் அதன்முன் வைக்கவேண்டும். அண்ணா நகரிலும் அடையாற்றிலும் இருப்பவர்களின் மின்பட்டியலில் எண்ணூரின் பெயர் ஒரு வரியாக அச்சாகட்டும். அந்தத் தொகை அதிகம் என்று அவர்கள் சண்டை போட்டால், சாம்பல் குழாயைப் பற்றி இந்நகரம் முழுவதும் பேசும் முதல் சண்டையாக அது இருக்கும்.